கயிறு பிடித்த கைக்கு ஒரு புதுச் சொல்

1

நாங்கள் அயர்லாந்தில் வந்து இறங்கி இந்த வாரத்தோடு ஆறு வருடம் நிறைகிறது. வருடத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர்களுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்புவது என் வழக்கம். முதல் வருடம் குளிரைப் பற்றி எழுதினேன். அடுத்த வருடம் மழையைப் பற்றி. அதற்கடுத்த வருடம் வேறொன்றும் தோன்றாமல் மறுபடியும் மழையைப் பற்றியே எழுதினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த வருடம் ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதப் போகிறேன். ஆங்கிலச் சொல். பிளேஃபுல். எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் ஆங்கிலத்துக்கு விளக்கம் சொல்ல வந்துவிட்டானே என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் இந்த ஒரு சொல்லைப் பொறுத்தவரை தூத்துக்குடியில் எந்தக் கல்லூரி வாத்தியாரும் என் பக்கத்தில் நிற்க முடியாது. அவர்கள் அதைப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். நான் என் மகளின் ஒரு பல்லைக் கொடுத்துப் படித்திருக்கிறேன்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக: மனைவி ரெஜினா மணப்பாட்டுக்காரி. இங்கே ஒரு கடற்கரை நகரத்து மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு வந்த விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் வந்தேன். அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் போட்டு எடுக்கிறேன். மகள் ஜெனிக்கு எட்டு வயது. இரண்டு வயதில் தோளில் தூங்கிக்கொண்டே விமானத்தை விட்டு இறங்கிய பிள்ளை. வீட்டுக்குள் தமிழ் பேசுவாள். சண்டை என்று வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். அங்கே நான் துரத்திக்கொண்டு வர முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

நான் கவலைப்படுகிற ஆள். கதவைப் பூட்டிவிட்டு, நாலு அடி நடந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிற ஆள். பேருந்து இரண்டு நிமிடம் முன்னால் வந்தால்கூட எனக்குச் சந்தேகம் வரும். "ஒங்களுக்குக் கவலப்பட ஒண்ணுமில்லன்னா, ஏன் ஒண்ணுமில்லன்னு ஒரு கவல வந்துருமே" என்பாள் ரெஜினா. உண்மைதான். ஆனால் இந்தக் கவலை எனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குக்கூட இந்த வருடம்தான் தெரிந்தது.

2

ஜெனி சனிக்கிழமைகளில் நீச்சல் பழகுகிறாள். ரெஜினாவுக்குச் சனிக்கிழமை தவறாமல் பகல் டூட்டி. ஆகவே கூட்டிக்கொண்டு போவது நான். அந்த நீச்சல் குளத்தில் மூன்று பகுதிகள் உண்டு: இடுப்பளவு, தலையளவு, அதற்கப்புறம் ஆழம். தலையளவிலிருந்து ஆழத்துக்குப் போக ஒரு சோதனை வைக்கிறார்கள். கீழே கிடக்கும் ரப்பர் வளையங்களை முக்குளித்து எடுத்து வரவேண்டும். அதற்குப் பழகும்போதும் சரி, சோதனையின்போதும் சரி, பிள்ளையின் இடுப்பில் ஒரு பட்டை கட்டி, அதிலிருந்து வரும் கயிற்றைப் பெற்றவர்களில் ஒருவர் கரையில் நின்று பிடித்திருக்க வேண்டும். அது அங்கத்திய விதி. சோதனையில் தேறிய பிள்ளைகள் ஆழத்துக்குப் போவார்கள். தவறினால் அடுத்த வருடம்தான். ஜெனியின் சிநேகிதிகள் எல்லோரும் போகிறார்கள். இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் காலை, மாலை, சாப்பாடு எல்லாம் ஆழத்தைப் பற்றித்தான்.

சோதனைக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை, கயிறு கட்டிப் பழகும் முதல் நாள். நோரா என்று ஒரு பயிற்சியாளர், முடி எப்போதும் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும் பெண், கயிற்றை என் கையில் கொடுத்தாள். மற்ற அப்பாமார்கள் அதைப் பையைத் தூக்குவதுபோல் பிடித்திருந்தார்கள். என் கை தானாகவே இடது உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, வலது கையை முன்னால் நீட்டி, பழைய பிடியைப் பிடித்தது. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் கை மறக்கவில்லை. சொல்லப்போனால் எனக்கு ஒரு பெருமையே வந்தது.

ஜெனி முங்கினாள். நாலைந்து நொடி ஒன்றுமில்லை. பிறகு கயிறு படபடவென்று ஆடியது. நிற்காமல், விடாமல்.

நான் இழுத்தேன்.

யோசித்து இழுக்கவில்லை. கைமாற்றிக் கைமாற்றி, முதுகைப் பின்னால் சாய்த்து, ஒரு ஆளைக் கடலிலிருந்து எடுப்பதுபோல் எடுத்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வேகம் தாங்குமா? தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தவளின் வாய் கரையில் பதித்த ஓட்டில் மோதியது. உதடு கிழிந்து ரத்தம். குளத்து நீரில் சிவப்பு பரவ, நோரா விசிலை ஊதி எல்லாப் பிள்ளைகளையும் வெளியே ஏற்றினாள்.

"ஏன் இழுத்தீர்கள்? என்ன பார்த்தீர்கள்?" என்று நோரா கேட்டாள்.

"கயிறு கூப்பிட்டது" என்றேன். என் ஆங்கிலத்தில் அவ்வளவுதான் வந்தது.

ஜெனி அழுதுகொண்டே அவளிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். நோரா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மகள் வெறுமனே பிளேஃபுல்லாக இருந்திருக்கிறாள், ஒன்றும் பயப்பட வேண்டாம் என்றாள். எனக்கு அந்தச் சொல்லில் பாதிதான் காதில் தங்கியது. விளையாடினாள் என்கிற பாதி. முப்பது பேர் பார்க்க, தமிழில் கத்தினேன்:

"வெளையாடுததுக்கு ஒனக்கு கயிறுதான் கெடச்சுதா?"

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஆடிக்கொண்டிருந்த பால்பல் ஒன்று அதில் கிடந்தது.

வீட்டுக்கு வரும்வரை பேருந்தில் வேறு இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். ரெஜினா வந்ததும் அவளிடம் சொன்னாள்: "அம்மா, அப்பா கயிறு புடிச்சா நான் போமாட்டேன்."

அப்பா பிடிக்காவிட்டால் பிடிக்க வேறு ஆள் கிடையாது. சோதனைக்கு இன்னும் இரண்டு சனிக்கிழமைதான் இருந்தது.

3

கயிறு கூப்பிடும் என்றால் என்ன என்று நம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரலிலும் புதுக்கோட்டையிலும் கடை வைத்திருக்கிற அண்ணாச்சிகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

என் அண்ணன் லூர்து சங்கு குளிப்பவர். இன்றைக்கும் திரேஸ்புரத்திலிருந்து போகிறார். வள்ளத்தில் கம்ப்ரஸர் ஓடும். அதிலிருந்து காற்றுக்குழாய் கீழே குளிப்பவரின் வாய்க்குப் போகும். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை மேலே இருப்பவன் கையில். கம்ப்ரஸர் போடுகிற சத்தத்தில் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. எட்டு பாகம் கீழே, அதாவது எட்டு ஆள் கையை விரித்த ஆழத்தில், இருப்பவன் பேச வேண்டியதை எல்லாம் கயிற்றில்தான் பேசவேண்டும். ஒரு இழுப்பு என்றால் கயிற்றை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடு. இரண்டு என்றால் சங்குப் பை நிறைந்தது, பையைத் தூக்கு. படபடவென்று விடாமல் ஆடினால் ஆளைத் தூக்கு. ஏன் எதற்கென்று கேட்காதே.

எனக்குப் பதினெட்டு வயது ஆனபோது அண்ணன் கயிற்றை என் கையில் கொடுத்தார். முதல் மாதம். ஒரு நாள் கயிறு படபடவென்று ஆடியது. அண்ணன் கேலிக்காரர். கரையில் இருந்தால் என் லுங்கியில் கல்லை முடிந்து வைப்பார், என் தேநீரில் கடல்தண்ணீர் ஊற்றுவார். அதனால் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மைப் பயங்காட்டுகிறார் என்று நினைத்தேன். ஐந்து எண்ணும் நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம்தான் கயிறு ஆடிய ஆட்டத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றி இழுத்தேன்.

காற்றுக்குழாய் முறுக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் மூக்கிலும் காதிலும் ரத்தத்தோடு மேலே வந்தார். பிழைத்துக்கொண்டார். இடது காது போய்விட்டது.

அன்று நான் சிரித்ததை யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவருக்கு நான்தான் கயிறு பிடித்தேன். கயிறு கையில் இருக்கும்போது ஒருநாளும் சிரித்ததில்லை. கயிறு பிடிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரன் அந்தக் கரையில் அப்போது இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கயிறு ஆடத் தொடங்கும் முன்பே என் கை இழுக்கத் தொடங்கிவிடும். குளத்தில் நடந்ததும் அதுதான். கை தப்புச் செய்யவில்லை. இடம்தான் மாறிப்போயிற்று.

4

திங்கட்கிழமை குளத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த ஊரில் எது நடந்தாலும் அதற்கு ஒரு தாள் உண்டு. ஓட்டில் பிள்ளையின் வாய் மோதினால் அதற்கு 'சம்பவ அறிக்கை' என்று நாலு பக்கம். முதல் பெட்டியில் பயிற்சியாளர் எழுதியிருப்பார். இரண்டாவது பெட்டி பெற்றவர் எழுத. மூன்றாவதில் கையெழுத்து. அது திரும்பி வந்து சேரும்வரை நான் கயிற்றைத் தொடக்கூடாது.

இங்கே பிள்ளையைத் திட்டினாலே அரசாங்கம் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று நம் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகள் உண்டு. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசினால் கடைசியில் அந்தக் கதையில்தான் வந்து நிற்போம். கடித உறையைப் பார்த்தபோதே நான் மனசுக்குள் ஜெனியின் துணிமணிகளை அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

ரெஜினா குசினியில் நின்றபடி வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். ஜெனி பிளேஃபுல்லாக இருந்தாள். தந்தை அவளுக்கு ஆபத்து என்று நம்பி வேகமாகக் கயிற்றை இழுத்தார். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"அந்த வார்த்தைய எடுக்கச் சொல்லு" என்றேன்.

"எந்த வார்த்தைய?"

"பிளேஃபுல். வெளையாட்டுப் புத்தின்னு பிள்ள பேர்ல எழுதி வச்சிருக்கா. நாளைக்கு எவன் ஆழத்துல எறக்குவான்?"

"அது நல்ல வார்த்தைங்க."

"நல்ல வார்த்தைய எதுக்கு விபத்துத் தாள்ல எழுதுதாங்க?"

ரெஜினா தாளை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒங்க மேல குத்தம் வராம இருக்கத்தான் எழுதியிருக்கா. பிள்ள மேலயும் வராம இருக்க. ரெண்டு பேரையும் காப்பாத்துற ஒரே வார்த்த அதுதான். அதப் போய் அழிக்கச் சொல்லுதீங்க."

நான் நம்பவில்லை. நம்புவதற்கு எனக்குத் தமிழில் வழியில்லாமல் இருந்தது. யோசித்துப் பாருங்கள். விளையாட்டு என்ற சொல்லைப் பெரியவர்களான நாம் எதற்கு வாயில் எடுக்கிறோம்? வெளையாடுதியாலே. வெளையாட்டுத்தனமா இருக்காதே. இவன் இன்னும் வெளையாட்டுப் பிள்ளையாவே இருக்கான், எப்படிப் பொண்ணு குடுக்கது. எல்லாம் வசவுதான். நான் வளர்ந்த வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டாலே பின்னால் ஒரு அடி வரும் என்று முதுகு தயாராகிவிடும்.

5

என்னிடம் ஒரு நோட்டு உண்டு. வேலையிடத்தில் கேட்கும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் எழுதி வைப்பேன். அர்த்தம் தெரிந்தால் போதாது, எங்கே போடலாம் எங்கே போடக்கூடாது என்று தெரிய வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒரு புதுப் பக்கத்தில் பிளேஃபுல் என்று எழுதிக்கொண்டு, சலவைக்கூடத்தில் என்னோடு விரிப்பு மடிக்கும் பேட்ரிக்கிடம் போனேன். பேட்ரிக் உயரமான கிழட்டு ஆள். ஓய்வு பெற வேண்டிய வயது. வாய் மட்டும் ஓய்வே எடுக்காது.

எதையெல்லாம் அப்படிச் சொல்லலாம் என்று கேட்டேன். அவர் விரிப்பின் ஒரு முனையை என்னிடம் வீசிவிட்டுச் சொல்லிக்கொண்டே போனார். நாய்க்குட்டியைச் சொல்லலாம். அது கையைக் கடிக்கும், ஆனால் பல் பதியாது. காலையில் அவர் தொப்பியைப் பறித்துப் போன காற்றைச் சொல்லலாம். அவருடைய அம்மாவைச் சொல்லலாம்: தொண்ணூறு வயதில் இவருடைய சாவியை ஒளித்துவைத்துவிட்டு, இவர் தேடுவதைப் போர்வைக்குள்ளிருந்து பார்க்கிறாளாம். ஒரு சிரிப்பைச் சொல்லலாம். தோளில் தட்டும் தட்டைச் சொல்லலாம். ஒரு பேச்சைச் சொல்லலாம்.

"யாரைச் சொல்லக்கூடாது?"

"உன்னை" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டு, "இப்போது நான் சொன்னது ஒரு பிளேஃபுல் பேச்சு. எழுதிக்கொள்" என்றார்.

எழுதிக்கொண்டேன். அது குற்றமா, குணமா என்று கேட்டேன். அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். மறுமுனையில் இருப்பவரைப் பொறுத்தது என்றார். மறுமுனையில் இருப்பவருக்கும் அது விளையாட்டாக இருந்தால்தான் அந்தச் சொல். இல்லாவிட்டால் அதற்கு வேறு சொற்கள் உண்டு, அவை நோட்டில் எழுதத்தக்கவை அல்ல.

பிறகு அவராகவே ஒரு பழைய கதையை எடுத்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் என் சோற்றுப் பாத்திரம் காணாமல் போயிற்று. தேடித் தேடி, கடைசியில் மேற்பார்வையாளரிடம் திருட்டு என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். பாத்திரம் துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் இருந்தது. யாரோ மறந்துபோய் வைத்திருப்பார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

"அதை அங்கே வைத்தது நான்" என்றார் பேட்ரிக். "குளிர்ந்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தாய். அங்கே வைத்தால் சூடாக இருக்கும். நீ தேடுவதையும் பார்க்கலாம் என்று ஒரு ஆசை."

ஐந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தப் புகார் இன்னும் மேற்பார்வையாளரின் கோப்பில் இருக்கும். ஒருநாள்கூட என்னிடம் முகம் சுளித்ததில்லை மனுஷன். அன்று நான் விரிப்பைச் சரியாக மடிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் குளத்துக்குப் போகவில்லை. தாள் கையெழுத்தில்லாமல் குசினி மேசையிலேயே கிடந்தது. ஜெனி அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

6

ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு வீடியோவில் போன் போட்டேன். வள்ளத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை வலது காதில் வைத்ததால், பிறகு எனக்கு அவருடைய கன்னமும் மீசையில் ஒட்டிய நீலப் பெயின்டும்தான் தெரிந்தன.

"ஏலே சேவி, என்னல மூஞ்சி சங்கு மாதிரி சுருண்டு கெடக்கு?"

நடந்ததைச் சொன்னேன். பல் விழுந்த இடத்தில் அவர் சிரித்துவிட்டார். "ஆளத் தூக்குத மாதிரியே தூக்கிட்டியால! எட்டு வயசுப் பிள்ளைய!" பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ரொம்ப அடியா?"

"உதடு ஆறிட்டு. பேசத்தான் மாட்டேங்கா." "அண்ணே, ஒன் காது போன அன்னைக்கு..."

"கேக்கல, சத்தமாச் சொல்லு."

சொல்ல நினைத்ததிலேயே மெதுவாகச் சொல்ல வேண்டியது இதுதான். கத்திச் சொன்னேன். "அன்னைக்கு நீ கயித்த ஆட்டும்போது நான் வெளையாட்டுன்னு நெனச்சேன். சிரிச்சிக்கிட்டு நின்னேன். அஞ்சு எண்ணுத நேரம்."

அவர் தூரிகையை டப்பாவின் மேல் குறுக்கே வைத்தார். போனைக் காதிலிருந்து எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"தெரியும்ல."

"எப்படித் தெரியும்?"

"கீழ மூச்சில்லாமக் கெடந்தவன் நான்தான? அஞ்சா ஆறான்னு ஒன்ன விட எனக்கு நல்லாத் தெரியும். நீ அழுத அழுகையிலயும் தெரிஞ்சிது. அதுக்கப்புறம் பதினோரு வருசம் ஒன்ன விட்டா வேற எவன் கையிலயாவது கயித்தக் குடுத்தனா? சொல்லு."

அவரே பேச்சை மாற்றினார்.

"ஏலே, ஒரு தடவ பைக்குள்ள சங்கோட ரப்பர் செருப்பு ஒண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? வலது கால்."

"இருக்கு. சேறோட அள்ளிட்டன்னு நெனச்சேன்."

"அள்ளல. தேடி எடுத்து வச்சேன். நீ பையத் தொறக்கும்போது ஒன் மூஞ்சி எப்படிப் போகும்னு நெனச்சி கீழ தண்ணிக்குள்ளயே சிரிச்சி, குழாய் வாய விட்டுப் போவப் பாத்துச்சு. நானும் கூடக் குளிக்கவனும் கீழ அடிச்ச கூத்து ஒனக்கு என்னல தெரியும்? அவன் பையிலருந்து சங்க நான் களவாங்குவேன், எம்பையிலருந்து அவன் களவாங்குவான். மீனக் காலால வெரட்டுவோம்."

"எட்டு பாகத்துலயா வெளையாடுனீங்க?"

"எட்டு பாகத்துல வெளையாட எங்களுக்கு என்ன பைத்தியமா, மேல ஒருத்தன் மூஞ்ச உர்ருனு வச்சிக்கிட்டு கயித்தப் புடிச்சிருக்கான்னு தெரியாட்டா? நீ சிரிக்க மாட்ட. கண்ணெடுக்க மாட்ட. அந்தத் தைரியத்துலதான்ல வெளையாடுனோம். ஒம்மவளும் அதுக்குத்தான் ஆட்டிருப்பா. வேற எவன் புடிச்சிருந்தாலும் ஆட்டிருக்க மாட்டா."

பிறகு குரலை உயர்த்தினார்: "ஆனா ஒண்ணு. ஆளத் தூக்குத அடையாளத்துல மட்டும் வெளையாடப்படாதுன்னு அவகிட்டச் சொல்லு. அது வேற. அத நீ அவளுக்குச் சொல்லிக் குடுத்தியா?"

சொல்லிக் கொடுக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு என் கயிற்றின் பாஷை தெரிந்திருக்கும் என்று நான் எப்படி நினைத்தேன்? சோற்றுப் பாத்திரத்தை ஒளித்தது வேடிக்கைக்கு என்று எனக்குப் புரிந்துவிடும் என்று பேட்ரிக் நினைத்ததுபோலத்தான்.

7

அன்று மாலை ஜெனியின் அறை வாசலில் போய் உட்கார்ந்தேன். செருப்புக் கதையிலிருந்து தொடங்கினேன். அவள் முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். பெரியப்பாவின் காது கதையையும், நான் சிரித்துக்கொண்டு நின்ற ஐந்து எண்ணிக்கையையும் சொன்னேன்.

"அதான் பெரியப்பா போன்ல கத்துறாங்களா?"

"அதான்."

"ஸோ, நான் ஷேக் பண்ணதும் நீங்க பெரியப்பான்னு நெனச்சிட்டீங்க."

"ஆமா."

அவள் பல் விழுந்த இடத்தை நாக்கால் தடவிக்கொண்டு யோசித்தாள். "நான் ஏன் பண்ணேன் தெரியுமா? நீங்களும் ஷேக் பண்ணுவீங்கன்னு. பேக் டு மீ."

துணி உலர்த்தும் கொடியை அவிழ்த்து எடுத்து வந்தோம். அவள் மாடிப்படியின் உச்சியில் போர்வைக்குள். நான் கீழே குசினி வாசலில். ஒன்று, கயிற்றை விடு. இரண்டு, பையைத் தூக்கு. படபடவென்றால் ஆளைத் தூக்கு, அதில் ஒருநாளும் விளையாட்டுக் கிடையாது. சத்தியம் பண்ணினாள். பிறகு போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"அப்பா, ஹாய் சொல்றதுக்கு எது?"

"ஹாய் சொல்லுததுக்கா? அப்படி ஒண்ணு கெடையாது."

"ஏன்?"

பதினோரு வருடம் பிடித்திருக்கிறேன். கடலுக்குக் கீழே இருப்பவனுக்கு வேண்டிய அத்தனைக்கும் அடையாளம் இருந்தது. சும்மா, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல ஒன்று இருக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அவளே கண்டுபிடித்தாள்: மூன்று இழுப்பு, மெதுவாக, கதவைத் தட்டுவதுபோல். "நீங்களும் திருப்பி மூணு தரணும். இல்லாட்டா அது பிளேஃபுல் இல்ல" என்றாள். பேட்ரிக்கிடம் அவள் பேசியதில்லை. ஆனாலும் அதையேதான் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்கப் படிக்கட்டில் கயிறு கிடந்தது. ரெஜினா அதைத் தாண்டித் தாண்டி டூட்டிக்குப் போனாள்.

புதன்கிழமை சம்பவ அறிக்கையின் இரண்டாவது பெட்டியை நானே நிரப்பினேன். ரெஜினா திருத்துவதற்கு வந்தாள். பேனாவைக் கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியம். என் மகள் பிளேஃபுல்லாக இருந்தாள். அது நல்ல விஷயம். கயிற்றில் பேசுவதற்கு அவளுக்கு நான் கற்றுக் கொடுத்திருக்கவில்லை, இப்போது கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டேன். அரசாங்கத் தாள் மாதிரி ஒன்றில் கை நடுங்காமல் நான் போட்ட முதல் கையெழுத்து அது. மறுநாள் நோரா போன் பண்ணினாள். எந்தெந்த இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். எனக்கு ஒரு நோட்டு இருப்பதுபோல அவளுக்கும் ஒன்று இருக்கும்போல.

சோதனை நாளன்று காலையில் என் காலுறை ஒன்றைக் காணவில்லை. சாம்பல் நிறம், கட்டைவிரல் இடத்தில் பச்சை நூலால் நான் தைத்தது. பேருந்துக்கு நேரமாகிறதே என்ற கவலையில் ஒரு காலில் சாம்பலும் ஒரு காலில் கறுப்புமாகப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ஆழமான பகுதியில் தண்ணீரின் நிறமே வேறு. ஜெனியின் இடுப்பில் பட்டையும், வளையங்களைப் போட ஒரு சின்ன வலைப்பையும். பையிலிருந்து தனியாக ஒரு நூல்கயிறு என் கைக்கு. நோரா என் பக்கத்தில் வந்து நின்றாள். கயிற்றை இடது கையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஜெனி என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முங்கினாள்.

ஒரு இழுப்பு. விட்டேன். இன்னும் ஒன்று. விட்டேன். பிறகு ஒன்றுமில்லை. மனசுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தில் என் தோள் இறுகியது. நோரா அதைப் பார்த்தாள்.

அப்போது வந்தது. மெதுவாக, கதவைத் தட்டுவதுபோல். மூன்று.

திருப்பி மூன்று கொடுத்தேன். கீழேயிருந்து ஒரு கொத்துக் குமிழ் கிளம்பி வந்து என் கால் பக்கத்தில் உடைந்தது. உடனே இரண்டு இழுப்பு: பையைத் தூக்கு. நூல்கயிற்றைப் பிடித்துப் பையைத் தூக்கினேன். அதற்குள் அவள் தானாகவே மேலே வந்து, கரையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க என் முகத்தையே பார்த்தாள்.

பைக்குள் மூன்று ரப்பர் வளையங்கள் இருந்தன. மூன்றும் இருந்ததால் அவள் தேறிவிட்டாள் என்று அர்த்தம். வளையங்களுக்கு அடியில், சொட்டச் சொட்ட நனைந்து, சாம்பல் நிறத்தில், பச்சை நூல் தையலோடு, என் காலுறை.

மத்தியானம் ரெஜினா வார்டிலிருந்து போன் பண்ணினாள். தேறிவிட்டாளா என்று கேட்கவில்லை. நீங்க சிரிச்சீங்களா என்றுதான் கேட்டாள்.

சிரித்தேன் என்றேன். கயிற்றை விடாமல் சிரித்தேன்.